கடைசி ஐம்பது அடியில் காலைவாரும் ஹேண்டி: டேப் யாகியோடு நரி வேட்டை அனுபவம்

அளவு டேப்பில் செய்த, திசை காட்டும் ஆண்டெனாவான டேப் யாகியில் சால்டர் விட்டுப்போன இடத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது, இப்போதுதான் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய நண்பர் ஒருவர், நரி வேட்டைக்கு இந்த ஆண்டெனாவும் ஒரு மலிவான ஹேண்டியும் (கையடக்க ரேடியோ) போதுமா என்று கேட்டார். சில வருடமாக இவை இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரை, அதாவது 'நரி'யைத் தேடி அலைகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டெனாவில் குறையே இல்லை. ஹார்டுவேர் கடை இரும்பு டேப், பிவிசி குழாய், ஹோஸ் கிளிப், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., முன்னால் இருக்கும் டைரக்டர் 89 செ.மீ., நடுவில் 45 செ.மீ. துண்டுகள் இரண்டு. வேலிகாத்தான் புதருக்குள் நுழைந்தால் டேப் மடங்கிக்கொடுத்து, வெளியே வந்ததும் படக்கென்று நிமிர்ந்துகொள்ளும், அலுமினியக் குழாய் என்றால் அன்றைக்கே கோணியிருக்கும். முன்னால் வரும் சிக்னலைக் கூட்டுவதைவிடப் பின்னால் வருவதை வெட்டுவதுதான் இந்த டிசைனின் பெரிய பலம். ஒரே ஒரு பராமரிப்பு: மஞ்சள் பெயின்டை உப்புத்தாள் வைத்து இரும்பு மின்னும்வரை தேய்த்தால்தான் சால்டர் பிடிக்கும்.

ஹேண்டியும் எடை குறைவு, விலை குறைவு, கீழே விழுந்தாலும் தாங்குகிறது. ஆனால் சிக்னல் பலத்தைக் காட்டும் அந்த மீட்டர் இருக்கிறதே! தூரத்தில் ஒரு கோடும் இல்லை, கொஞ்சம் நெருங்கினால் எல்லாக் கோடும் ஒரேயடியாக ஏறிவிடும், நடுவில் எதுவுமே கிடையாது. காதை நம்பலாம் என்றால் அதுவும் நடக்காது, எஃப்.எம்.மில் சிக்னல் தெளிந்தபிறகு பத்தடியில் இருந்தாலும் ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் சத்தம் ஒன்றுதான். ஆண்டெனாவைக் கழற்றினாலும் பிளாஸ்டிக் உடம்பு வழியாகவே சிக்னல் உள்ளே வருகிறது. நரி காலடியில் இருக்கும், நாம் புதரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்போம்.

வழி இருக்கிறது. ஹேண்டியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றினால், எந்தப் பக்கம் திரும்பும்போது சிக்னல் குறைகிறதோ நரி அப்போது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இன்னொன்று, நரி 144.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதன் மூன்று மடங்கான 433.5-இல் கேட்பது, அங்கே கசிந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனம் என்பதால் பக்கத்தில் போனால்தான் கேட்கும். எல்லாவற்றையும்விட நல்லது ஆஃப்செட் அட்டனுவேட்டர், அதாவது நரியின் சிக்னலை வேறு அலைவரிசைக்கு நகர்த்தி, பலத்தையும் குறைக்கும் சின்ன சர்க்யூட். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு டயோடு, சிக்னலைக் குறைக்க ஒரு வால்யூம் குமிழ். ஹேண்டியை 4 கூட்டி 148.5-க்கு மாற்றிக்கொண்டால் உடம்பு வழியாக நுழையும் 144.5 தொந்தரவே செய்யாது. குமிழைத் திருகித் திருகிக் குறைத்துக்கொண்டே நரியின் தலைக்குமேல் போய் நிற்கலாம்.

உலக அளவிலான போட்டிகளில் ஐந்து நரிகள் ஆளுக்கொரு நிமிடம் வரிசையாக அனுப்பும், தன் முறை முடிந்தால் நான்கு நிமிடம் வாய் திறக்காது. அந்த ஒரு நிமிடத்தில் ஹேண்டியின் மெனுவைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? பாறை நிறைந்த மலையில் 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ் பட்டை) சிக்னல் எதிரொலித்து வேறு திசையைக் காட்டும்போது கோபம் இன்னும் ஏறும்.

சரி, நண்பருக்கு என் பதில்: டேப் யாகியை இந்த ஞாயிறே செய்துவிடுங்கள். ஹேண்டியில் இத்தனை நல்லது சொன்னாலும் நரி வேட்டைக்கென்று அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால், அட்டனுவேட்டர் செய்துமுடிக்காமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.