மூன்று தலைமுறைக்கு ஒரு கிரைண்டர்: 2 லிட்டர் டேபிள்டாப்

வேலூர் வீடுகளில் இந்த இயந்திரத்தை மூன்று தலைமுறை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறது. ஆட்டுக்கல்லில் பழகிய பாட்டிமார் ஃப்ரிட்ஜை நம்பாமல் அன்றன்றைக்கு ஒரு கைப்பிடி உளுந்து போடுவார்கள். அது போதாது, குழவிக்கு அடியில் சிக்காமல் மாவு ஓரத்தில் ஒதுங்கிவிடும். குறைந்தது ஒரு டம்ளர் உளுந்தாவது வேண்டும். ஆனால் பதம் பார்க்க அவர்கள் வழியே சிறந்தது: துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.

2008 முதல் 2012 வரையிலான மின்வெட்டில் குடும்பம் நடத்தியவர்கள், கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று பாத்திரத்தை நிரப்புவார்கள். பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். இதன் அளவு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் உளுந்துதான். தனித்தனியாக அரைப்பதே சரி.

இளையவர்கள் வாரத்துக்கு ஒருமுறை அரைப்பவர்கள். அவர்களுக்குத்தான் இது கச்சிதம். அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். உளுந்துக்கு 30 நிமிடம். மாவு சூடேறினால் சீக்கிரம் புளித்துவிடும், பாதி பொங்கியதுமே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும்.

புதுக் கல்லில் முதல் இரண்டு ஈடு மாவைக் கொட்டிவிடுங்கள், கல்தூள் இருக்கும். கல்லைத் தூக்குவது பெரியவர்களுக்குச் சிரமம். அவர்களுக்குச் சாய்த்து ஊற்றும் மாடலே நல்லது.