1,349 ரூபாய் போன்சாய் கிட்டும் நான் தைத்த ஜிப் கூடாரமும்

ஆதம்பாக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பதினோரு போன்சாய் தொட்டிகள் இருக்கின்றன. எல்லாமே ஃபைகஸ், அதாவது ஆலமர இனம். பாதி நர்சரியில் வாங்கியது. மீதி, சன்ஷேடு விரிசலில் காக்கா எச்சத்தில் முளைத்ததைப் பக்குவமாகப் பெயர்த்து எடுத்து வளர்த்தது.

போன ஜூனில் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். ஃபைகஸை ஒன்றிலிருந்து எட்டாகப் பெருக்கலாம், தொண்ணூறு நாளில் விழுது விடவைக்கலாம் என்று அட்டைப்பெட்டி மேலேயே அச்சடித்திருந்தது. விலை 1,349 ரூபாய். இதே பெட்டி இதே படத்தோடு நாலைந்து வேறு பெயர்களில் விற்பதைப் பிறகுதான் பார்த்தேன். அதனால் பெயரை எழுதிப் பயனில்லை. உள்ளே என்ன இருந்தது, எது உழைத்தது என்பதை எழுதுகிறேன். எட்டு மாதம் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவள் இல்லை நான்.

உள்ளே இருந்தவை: மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தட்டு, எட்டு சின்னத் தொட்டிகள், இரண்டு கிலோ மண் கலவை, நூறு கிராம் காய்ந்த மாஸ் (ஈரம் காக்கும் பாசி), வேர் பிடிக்க வைக்கும் பவுடர் ஒரு டப்பா, இரண்டு அளவு அலுமினியக் கம்பி, ஒரு கத்தரிக்கோல், நான்கு பக்க விளக்கத்தாள். செடி கிடையாது, அது நம்முடையது. பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்துச் செடியும் வரும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

பவுடரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விலையில் பெரும் பங்கு அதற்குத்தான் என்று நினைக்கிறேன். டப்பாவில் தயாரித்த தேதி இல்லை, எத்தனை சதவீதம் என்றும் இல்லை. இந்த மாதிரிப் பவுடரில் வேலை செய்வது ஐ.பி.ஏ. என்கிற ஹார்மோன். இளந்தண்டுக்கு ஓர் அளவு, முற்றிய தண்டுக்கு அதைவிடக் கூடுதல் அளவு வேண்டும். அளவே போடாத டப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பென்சில் தடிமனில் எட்டுக் குச்சிகள் வெட்டினேன், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், டேப் வைத்து அளந்தது. வெட்டிய இடத்தில் பால் வடியும். அதைத் தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரம் நிழலில் ஆற விட்டேன். நுனியில் மூன்று இலை விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கினேன். வேர் இல்லாத குச்சியால் தண்ணீர் குடிக்க முடியாது, ஆனால் இலை தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் நறுக்குவது. நாலு குச்சிக்குப் பவுடர், நாலு குச்சிக்கு ஒன்றுமில்லை.

இருபத்தாறாம் நாள் மெதுவாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பவுடர் போட்டதில் நாலும் வேர் விட்டிருந்தன. போடாததில் மூன்று. ஒன்று அடியில் அழுகிப் போயிருந்தது. பவுடர் போட்டவற்றில் வேர் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவுதான். எட்டுக் குச்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் ஃபைகஸ் சும்மாவே வேர் பிடிக்கிற ஜாதி. மழைக்காலத்தில் கட்டை விரல் தடிமன் கிளையை நட்டே வேர் பிடித்திருக்கிறது எனக்கு. ரோஜாவுக்கோ செம்பருத்திக்கோ அந்தப் பவுடர் உதவலாம். இதற்கு அது ஆடம்பரம்.

அழுகிய அந்த ஒரு குச்சிக்குக் காரணம் மண் கலவை என்று சந்தேகப்படுகிறேன். கையில் எடுத்துப் பிழிந்தால் பஞ்சு மாதிரி தண்ணீர் சொட்டியது. முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு. அதைப் போய் ஆன்லைனில் கிலோ கணக்கில் வாங்குவானேன், பொள்ளாச்சியிலிருந்து வரும் கட்டியை ஒன்று ஊற வைத்தால் ஒரு வாளி நிறைய வருமே. அடுத்த தடவை அதே கலவையில் பாதிக்குப் பாதி செங்கல் ஜல்லி சேர்த்தேன். பக்கத்துத் தெருவில் வீடு இடித்த இடத்தில் கிடைத்த செங்கலை உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, தூசியை எறிந்துவிட்டு, பட்டாணி அளவு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். (மாவுச் சல்லடை போன விஷயம் மாமியாருக்கு இன்னும் தெரியாது.) அதில் நட்ட ஆறும் பிழைத்தன.

விளக்கத்தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு விஷயம் தப்பு.

முதல் தப்பு, ஜின்செங் என்கிற ஃபைகஸ். கீழே முள்ளங்கி மாதிரி உப்பிய வேரும் மேலே குட்டி இலைகளுமாக நர்சரியில் விற்கிறார்களே, அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நர்சரியில் மூன்று வருடம் முன்பு 450 ரூபாய்க்கு நானும் ஒன்று வாங்கினேன். அதன் கிளையை வெட்டி நட்டால் எட்டு ஜின்செங் கிடைக்கும் என்கிறது தாள். கிடைக்காது. அந்த உப்பல், செடியை விதையிலிருந்து வளர்க்கும்போது அடியில் திரள்வது. மேலே இருக்கும் இலைகளோ பெரும்பாலும் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டியவை. நாம் வெட்டுவது அந்த ஒட்டின் கிளையை. அது வேர் பிடிக்கும், நன்றாகவும் வளரும். ஆனால் அடியில் முள்ளங்கி வராது, குச்சி குச்சியாகத்தான் நிற்கும். உங்கள் ஜின்செங்கின் உப்பிய பகுதியிலிருந்து தளிர் வந்தால் பாருங்கள், இலை மேலே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். ஒட்டு எது, அடி எது என்று அப்போது விளங்கும்.

இரண்டாவது, விழுது வரவேண்டும் என்றால் இலைகளை எல்லாம் உருவிவிடச் சொல்கிறது. நம்பிச் செய்தேன். ஒரு மாதம் செடி முண்டமாக நின்றது, விழுதுக்கான அறிகுறியே இல்லை. வேருக்குச் சாப்பாடு போடுவது இலை. விழுது வேண்டுமானால் கிளையை வெட்டாமல் நீளமாக ஓடவிட வேண்டும், வடிவம் எல்லாம் அப்புறம். தையலில் முதலில் துணியைத் தாராளமாக விட்டுத் தைத்து, கடைசியில் மடித்து வெட்டுவது போல.

எனக்கு விழுது ஆசை வந்த கதை பழையது. பள்ளிக்கூட வயதில் அப்பா அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தில் எது அடிமரம், எது விழுது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். 1989-ல் அடித்த புயலில் அடிமரம் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நின்றுகொண்டன. ஆலமரத்தையே தொட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இலை கையகலம், சின்ன மரத்தில் எடுபடவில்லை. அதனால்தான் கல் இச்சி. நர்சரிக்காரர்கள் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்பார்கள். "ஆலும் அரசும் வீட்டுல வைக்கக் கூடாதும்மா" என்ற மாமியாரிடம், "அத்தே, இது இச்சி" என்று சொல்லித் தப்பித்தேன்.

இப்போது மூடிக்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் உருப்படியான பொருள் அதுதான், ஆனால் அதுவும் பாதிதான். விழுது என்பது காற்றில் தொங்கும் வேர். வேர் நுனி காய்ந்தால் கறுத்து நின்றுவிடும். சென்னையில் வியர்வை காயாத அளவுக்கு ஈரக்காற்று உண்டு என்றாலும், மொட்டை மாடியில் மத்தியானக் காற்று சும்மா விடாது. 250 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஜூலை மத்தியானத்தில் மாடியில் 55 சதவீதம், மூடிக்குள் 90. குச்சிகள் வேர் பிடிக்க அது அருமை. ஆனால் மூடியின் உயரம் ஆறே அங்குலம். என் மரம் பதினான்கு அங்குலம். விழுது விடும் அளவுக்கு வளர்ந்த எந்த மரமும் அந்த மூடிக்குள் நுழையாது. அப்படியிருக்கப் பெட்டி மேல் விழுது என்று எந்தத் தைரியத்தில் போட்டார்கள்?

சாப்பாட்டு மேஜைக்கு விரிக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் இருக்கிறதே, அதில் இரண்டு மீட்டர் வாங்கினேன். மூங்கில் குச்சிகளில் ஒரு சட்டம் கட்டி, அதற்கு அளவெடுத்து ஓர் உறை தைத்தேன். ஊசி ஓட்டை நெருக்கமாக விழுந்தால் ஷீட் கிழியும், அதனால் தையலைப் பெரிதாக வைத்தேன். முன்பக்கம் பதினெட்டு அங்குல ஜிப். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "என்னக்கா, கொசுவலைக்கெல்லாம் ஆர்டர் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ஷீட், குச்சி, ஜிப் எல்லாம் சேர்த்து 210 ரூபாய்.

முதல் கூடாரத்தில் ஒரு செடியைக் கொன்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி நிழல் மூன்று மணிக்கு நகர்ந்துவிடும் என்பதை மறந்து, மூடிவைத்துவிட்டு ஒரு கல்யாண பிளவுஸ் அவசரத்தில் இறங்கிப் போய்விட்டேன். ஆறு மணிக்கு ஜிப்பைத் திறந்தபோது இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. இலை எல்லாம் வெந்து கறுத்திருந்தது. மூடிய எதற்கும் நேர் வெயில் ஆகாது. வெளிச்சம் போதும். காலையில் பத்து நிமிஷம் ஜிப்பைத் திறந்து வைப்பதும் அவசியம், இல்லாவிட்டால் மாஸ் மேல் பூஞ்சை வெள்ளையாகப் படரும்.

அடுத்த மரத்தில் பத்தொன்பதாம் நாள், கிளை பிரியும் இடத்துக்குக் கீழே நாலு வெள்ளைப் புள்ளிகள். முதலில் மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கப் போனேன், நல்லவேளை கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் நூல் போல இறங்க ஆரம்பித்தன. நாற்பதாம் எண் நூல் தடிமன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கூடாரத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் மண்ணுக்கு இன்னும் ஐந்து அங்குலம் இருந்தது, ஆயுள் முழுக்கக் கூடாரத்தில் வைக்க முடியாது. ஸ்ட்ராவை நெடுக்காகக் கீறி, ஈர மாஸ் அடைத்து, விழுதைச் சுற்றிப் போர்த்தி, கீழே மண்ணில் ஊன்றச் சொல்கிறது தாள். இது நல்ல யோசனை. ஆனால் ஸ்ட்ராவைப் பெட்டியில் வைக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்ட்ரா தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. ஜூஸ் கடையில் கேட்டால் பேப்பர் ஸ்ட்ரா கொடுத்தார்கள், அது ஈர மாஸில் இரண்டாம் நாளே கூழ். அப்போதுதான் பின்வீட்டுப் பப்பாளி மரம் கண்ணில் பட்டது. பப்பாளி இலைக் காம்பு உள்ளே கூடு, சின்ன வயதில் ஊதி விளையாடியதுதானே. பிளேடால் நெடுக்காகக் கீறி, மாஸ் வைத்து, விழுதை உள்ளே விட்டு, மூன்று இடத்தில் நூலால் கட்டினேன். மூன்று வாரத்தில் காம்பு பழுத்துத் தானே நைந்து விழுந்தது. அதற்குள் விழுது மண்ணைத் தொட்டிருந்தது. இரண்டு விழுதுகளுக்கு இப்படிச் செய்தேன், இரண்டும் பிடித்தன.

கிட்டில் வந்த மாஸுக்கு இங்கே முழு மதிப்பெண். நீளமான இழை, சுத்தம், ஊறவைத்தால் நாள் கணக்கில் ஈரம் காக்கிறது. தடித்த கிளையில் பட்டையை வளையமாக எடுத்து விண்பதியம் (கிளையை வெட்டாமல் மரத்திலேயே வேர் விடவைப்பது) போட்டபோதும் இதைத்தான் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கட்டினேன். ஐந்து வாரத்தில் பிளாஸ்டிக் வழியாக வேர் தெரிந்தது. நூறு கிராம் எல்லாவற்றுக்கும் போதாது, அது மட்டும் குறை.

மண்ணைத் தொட்ட பிறகுதான் வேடிக்கை. அதுவரை லூசாகத் தொங்கிய நூல், இரண்டு மாதத்தில் யாரோ கீழிருந்து இழுத்துக் கட்டிய மாதிரி விறைத்துக்கொண்டது. நவம்பர் மழையில் கூடாரத்தை எடுத்துவிட்டேன், வானமே ஈரமாக இருந்தது. அந்த மழையில் கூடாரமே பார்க்காத வேறு இரண்டு மரங்களும் புள்ளி புள்ளியாக விழுது விட்டன, ஜனவரிக் காற்றில் அவை கறுத்து நின்றுபோயின. மண் தொட்ட இரண்டும் இன்று தீக்குச்சித் தடிமன்.

கம்பி பரவாயில்லை. சின்னத் தொட்டிகளுக்கு அடியில் ஒரே ஓட்டை, சூடான கம்பியால் மேலும் மூன்று போட்டுக்கொண்டேன். இலை நடுவில் மடிந்து உள்ளே கறுப்புப் பூச்சி இருந்தால் அது கிட்டின் குற்றமில்லை. ஃபைகஸுக்கு வரும் இலைப்பேன் அது. மடிந்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள், அப்புறம் வேப்பெண்ணெய்.

பவுடரில் தேதி இல்லை என்று விற்றவர்களுக்கு எழுதினேன். வீடியோ அனுப்பச் சொன்னார்கள், இல்லாத தேதியை எப்படி வீடியோ எடுப்பது? டப்பாவை நாலு பக்கமும் திருப்பிக் காட்டி அனுப்பினேன். பத்து நாளில் புது டப்பா இலவசமாக வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். புது டப்பாவிலும் தேதி இல்லை.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். மாஸ் தனியாக 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, தேங்காய் நார்க் கட்டி 60, கூடாரம் 210, செங்கலும் பப்பாளிக் காம்பும் இனாம். ஆக 420 ரூபாயில் இதே வேலை நடக்கும். தையல் தெரியாதவர்கள் பழைய மீன் தொட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். பரிசாகக் கொடுக்க அழகான பெட்டி வேண்டும் என்றால் வாங்குங்கள், விளக்கத்தாளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கத்தரிக்கோலைச் சொல்ல மறந்துவிட்டேன். ஃபைகஸ் பால் பட்டு முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டுத் துடைத்து இப்போது கடையில் வைத்திருக்கிறேன், காஜா நூல் வெட்ட நன்றாக இருக்கிறது.