ஐந்தாம் தேதி நெருங்கினால் காது கத்தும்

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்து இருபது ஆண்டு ஆகிறது. இரண்டு காதிலும் ‘கொய்ங்’ என்ற சத்தம் குடியேறி மூன்று ஆண்டு. கேட்புத்திறன் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலி அருகே கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. நெடுநாள் இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு வழக்கமாக விழும் பள்ளமாம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, சத்தத்தை அடியோடு நிறுத்த மாத்திரையும் கிடையாது என்றார் டாக்டர். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றியதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

உருப்படியாக உதவியது தினசரி காலண்டர். இரவு தாளைக் கிழித்ததும் அன்றைய சத்தத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று அதிலேயே மதிப்பெண் எழுதிச் சேர்த்துவைத்தேன். இரும்பு அதிகம் கடைந்த நாள்களில்தான் ஒன்பது வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதத் தாள்களைப் புரட்டினால், எட்டும் ஒன்பதும் மூன்றாம் தேதியிலிருந்து ஐந்து வரை வரிசையாக நிற்கின்றன. ஐந்தாம் தேதி வட்டி கட்டும் நாள்!

மனம் பதறினால் மூளை இந்தச் சத்தத்தையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அதையே காவல் காக்கும், கவனிக்கக் கவனிக்கப் பெரிதாகும் என்று மனநல ஆலோசகர் விளக்கினார். (டாக்டர் என்னை அவரிடம் அனுப்பியபோது, எனக்கென்ன பைத்தியமா என்று கோபித்துக்கொண்டேன்.) சத்தம் குறையும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, தொல்லை குறையும் என்றார். ‘இது வந்தால் தூக்கமே போய்விடும்’ என்று புலம்பினேன். அப்படி எத்தனை இரவு என்று எண்ணிவரச் சொன்னார். எண்ணினேன். மாதத்தில் மூன்று.

மனைவியின் வளையலை வங்கியில் வைத்து வட்டிக்காரர் கணக்கை முடித்தோம். பட்டறையில் இப்போது காதுக்கவசம். கைப்பேசியில் மழைச்சத்தம் போட்டுப் படுத்தேன். நடுவில் விளம்பரம் வந்து தூக்கிவாரிப் போட்டது, விட்டுவிட்டேன். நிசப்தம்தான் பெரிய பகை. அதனால் மார்கழியிலும் டேபிள் பேன் சுவரைப் பார்த்து ஓடுகிறது. மனைவி போர்வைக்குள்ளிருந்து முறைக்கிறார். மாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து கடலோரக் கருங்கல்லில் உட்கார்ந்தால், அலையில் பாதி கரைந்துவிடுகிறது.

ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடியோடு சேர்ந்து துடித்தாலோ, திடீரென்று காது மந்தமானாலோ என் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

எனக்குப் பள்ளமும் போகவில்லை, சத்தமும் போகவில்லை. ஆனால் ஐந்தாம் தேதித் தாள்களில் இப்போது மூன்று, நான்குதான். வங்கிக்குக் கட்ட வேண்டியது 12ஆம் தேதி. போன மாதம் 11ஆம் தேதித் தாளில் ஆறு என்று எழுதியிருக்கிறேன்.