டிபிபிசியா, டிஓபிசியா: செயற்கைச் சவ்வுக்கு எது?

லிப்போசோம், அதாவது கொழுப்புச் சவ்வாலான நுண்குமிழி, செய்யத் தொடங்குபவர்கள் முதலில் குழம்பும் இடம் இது. டிபிபிசி (DPPC), டிஓபிசி (DOPC) இரண்டும் பாஸ்போலிப்பிட்தான், அதாவது ஒரு தலையும் இரண்டு கொழுப்பு வால்களும் கொண்ட சவ்வு மூலக்கூறுகள். தலைப்பகுதியும் ஒன்றேதான். வால்கள்தான் வேறு.

வால்: டிபிபிசியில் பால்மிடிக் அமிலம், 16 கார்பன், இரட்டைப் பிணைப்பே இல்லை. டிஓபிசியில் ஓலிக் அமிலம், 18 கார்பன், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு.

அந்த ஒரு பிணைப்பு வாலை மடக்கிவிடுகிறது. நேரான வால்கள் தீக்குச்சிகள்போல் நெருங்கி அடங்கும், வளைந்தவை அப்படி அடங்காது. அதனால் டிபிபிசி சவ்வு சுமார் 41 டிகிரி செல்சியஸில்தான் இளகுகிறது. டிஓபிசிக்கு அது சுழியத்துக்கும் கீழே, ஏறக்குறைய மைனஸ் 17. நீளமான வால் என்றால் உருகுநிலை கூடும் என்று நினைப்போம். இங்கே இரட்டைப் பிணைப்பு அந்தக் கணக்கையே கவிழ்த்துவிடுகிறது.

வளைத்தல்: அறை வெப்பநிலையில் டிபிபிசி விறைப்பு, டிஓபிசி எளிதில் வளையும். ஒமேகா-3 போலப் பல இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் இன்னும் நெகிழ்வு.

கசிவு: டிபிபிசி உள்ளிருப்பதை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் 41 டிகிரியை நெருங்கினால் கசியும். டிஓபிசியில் கசிவு பொதுவாகக் கூடுதல்.

செய்முறை: டிபிபிசியை உருகுநிலைக்கு மேல் சூடாக வைத்தே வேலை செய்ய வேண்டும். டிஓபிசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சேமிப்பு: டிஓபிசி ஆக்சிஜனேற்றம் அடையலாம், டிபிபிசிக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, எதை எடுப்பது? சூடுபட்டதும் மருந்தை விடுவிக்க வேண்டுமென்றால் டிபிபிசி. சவ்வின் அலைவையோ புரத நகர்வையோ நுண்ணோக்கியில் பார்க்க டிஓபிசி. உயிருள்ள செல்லை ஒத்திருக்க வேண்டுமா? அப்புறம் இரண்டையும் கலந்து, கொலஸ்டிராலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.