பேஸ்கேம்ப்: ஊருக்கு ஒருவராக இருந்து கணக்கு எழுதுபவர்களுக்கு ஏற்ற கருவியா?

கணக்கு எழுதுவதும் வரி அறிக்கை தாக்கல் செய்வதும் தொழிலாகக் கொண்ட எங்கள் அலுவலகத்தின் முகவரி காரைக்குடியில் இருந்தாலும், அதில் வேலை பார்ப்பவர்கள் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் கோயம்புத்தூரிலுமாகத் தத்தம் வீடுகளில் இருக்கிறார்கள். திருமணமாகி ஊர் மாறியவர்கள், வயதான பெற்றோரைத் தனியே விட்டு வர இயலாதவர்கள் ஆகியோரின் திறமையை இழந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட அமைப்பு இது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகள், புதுவயல் அரிசி ஆலைகள், பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புபவர்கள் ஆகியோரே பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். இவ்வளவு பேரின் வேலையை வாட்ஸ்அப் குழுக்களைக் கொண்டு நடத்துவது ஒரு கட்டத்துக்கு மேல் இயலாததாகிவிட்டதால் குழுவாகச் செய்யும் வேலைகளை இணையத்தில் ஒருங்கிணைக்கும் பேஸ்கேம்ப் என்னும் கருவிக்கு மாறினோம். ஒரு நிதியாண்டு முழுவதையும் அதில் நடத்தி முடித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பேஸ்கேம்ப் 2004-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய 37 சிக்னல்ஸ் சிகாகோவைச் சேர்ந்த சிறிய நிறுவனம். நிறுவனர்களில் ஒருவரான ஜேசன் ஃப்ரைட் சிகாகோவில் இருக்க, நிரலை எழுதிய டேவிட் ஹைனமையர் ஹேன்சன் டென்மார்க்கில் இருந்தார். இருவருக்கும் இடையே ஏழு மணி நேர வித்தியாசம். உலகெங்கும் இணையதளங்கள் கட்டப் பயன்படும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் நிரல் சட்டகம் இந்த வேலையின் ஊடே பிறந்ததுதான். கேட்டவரும் பதில் சொல்பவரும் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் இருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தின் மேல்தான் கருவி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்பதை, பயன்படுத்தத் தொடங்கிய சில நாள்களிலேயே உணர முடிகிறது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனித் திட்டம் திறந்து வைத்திருக்கிறோம். அதற்குள் செய்திப் பலகை, செய்ய வேண்டியவை பட்டியல், நாள்காட்டி, கோப்புகள், அரட்டை என்று தனித்தனி அறைகள் உள்ளன. மாதந்தோறும் ஜிஎஸ்டி அறிக்கை தருபவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள், விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும். 14-ஆம் தேதி, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களைக் கொண்ட 2பி பட்டியல் வரும். 20-ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி அறிக்கை தாக்கலாக வேண்டும். 2022 ஜனவரி முதல், விற்றவர் தம் அறிக்கையில் காட்டி 2பி-யில் வந்த பில்லுக்கு மட்டுமே உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்த வரியை) கழித்து எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், 14-க்கும் 20-க்கும் இடைப்பட்ட நாள்கள்தாம் எங்கள் தொழிலில் நெருக்கடியானவை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கல் பட்டறை ஒன்று வெள்ளை சிமெண்ட்டும் நிறத்தூளும் வாங்கிய பில்களில் இரண்டு, 2பி-யில் வரவில்லை. பள்ளத்தூரில் இருப்பவர் அந்தப் பில்களின் படத்தைச் செய்ய வேண்டியவை பட்டியலில் உரிய வேலைக்குக் கீழேயே இணைத்து, "அக்கா, இரண்டு பில்லும் ஒரே கடையுடையவை. கடைக்காரர் இந்த மாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடவில்லை என்கிறார். வரியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடலாமா?" என்று எழுதினார். நான் இரவில் பார்த்து, தள்ளிவிடச் சொல்லிக் காரணத்தையும் எழுதினேன். அடுத்த மாதம் அந்த வேலையைக் கோயம்புத்தூரில் இருப்பவர் எடுத்துக்கொண்டபோது, யாரையும் கேட்காமல் அதே இடத்தில் பில், கேள்வி, முடிவு மூன்றையும் படித்துவிட்டு வரியை எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் இந்த உரையாடல் வாழ்த்துப் படங்களுக்கும் பிற பேச்சுக்கும் நடுவே புதைந்து போயிருக்கும். எல்லோரும் ஒரே அறையில் இருந்திருந்தாலோ, வாய்ப்பேச்சாக முடிந்து எங்கும் பதிவாகாமலே போயிருக்கும். வேலைக்குரிய பேச்சு அந்த வேலையின் மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இக்கருவியின் முதன்மையான பலம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்ததாகப் பாராட்ட வேண்டியது, தானாகவே கேள்வி கேட்கும் வசதி. நாம் குறித்த நேரத்தில், நாம் எழுதி வைத்த கேள்வியை எல்லோரிடமும் அது கேட்டு, பதில்களை ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. மாலையில் "இன்று எதை முடித்தீர்கள், எது நிற்கிறது?" என்று கேட்கும்படி அமைத்திருக்கிறோம். கேள்வியும் பதிலும் தமிழில்தான். இதற்கு முன்பு, நிலவரம் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொருவரையும் போனில் அழைக்க வேண்டியிருந்தது. அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கணக்கிலிருந்து கவனம் சிதறியது. "எது நிற்கிறது" என்ற இரண்டாம் பாதிக்கு வரும் பதில்களே எனக்கு மிகவும் பயனுள்ளவை. வாடிக்கையாளர் வங்கிக் கணக்கு அறிக்கையை அனுப்பவில்லை என்பது 19-ஆம் தேதி தெரிய வருவதற்கும் 15-ஆம் தேதியே தெரிய வருவதற்கும் உள்ள வேறுபாடு, இத்தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது.

இப்படி நடத்துவது, எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தி நடத்துவதைவிட உண்மையிலேயே திறமையானதா என்ற கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும் சீனாவின் சி-டிரிப் பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து பணியாற்றிய அழைப்பு மையப் பணியாளர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. அதில் பெரும்பகுதி, இடைவேளையும் உடல்நல விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் வேலை நடந்ததால் வந்தது; வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்து விருப்பம் கேட்கப்பட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் பலர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமையே அதற்கு முக்கியக் காரணம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் 61,182 அமெரிக்கப் பணியாளர்களின் தொடர்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வோ, தொலைவிலிருந்து வேலை செய்யும்போது ஒரு குழுவுக்கும் மறு குழுவுக்கும் இடையேயான தொடர்பு மெலிந்து போகிறது என்று காட்டியது. ஆகவே, தனியாக அமர்ந்து கவனத்துடன் முடிக்க வேண்டிய வேலைக்கு வீடு நல்லது. புதியவரைப் பழக்குவதற்கும் ஒருவர் வேலையை மற்றவர் அறிந்துகொள்வதற்கும் தனியாக ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். எங்கள் அனுபவமும் இதற்கு மாறானதன்று.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்க நியாயமில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கடல் கடந்து கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகளில் பலர், ஆண்டின் பெரும்பகுதியை இங்கேயே கழித்துக்கொண்டு அவற்றை நடத்தினார்கள். அங்கே பொறுப்பேற்ற ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கில் போய் வந்தார்கள். முதலாளியின் கையில் இருந்தவை கடிதங்களும் கணக்குமே. கண்காணிப்பு என்பது பேரேட்டையும் ஐந்தொகையையும் படித்துப் பார்ப்பதாக இருந்தது. ஆனால் அந்த ஏஜெண்டு முதல் நாளே தனியாக அனுப்பப்பட்டவர் அல்லர். சிறு வயதிலேயே கடையில் சேர்ந்து, பெட்டியடிப் பையனாக மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து, கணக்கு எழுதவும் ஆளை எடைபோடவும் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, அதன் பின்னரே பொறுப்புக்கு வந்தார். தொலைவிலிருந்து நடத்துவதற்கு வேண்டிய இரண்டும், அதாவது ஒழுங்காக எழுதப்படும் பதிவும் அருகில் அமர்த்திக் கொடுக்கப்பட்ட பயிற்சியும், அந்த ஏற்பாட்டில் இருந்தன. பேஸ்கேம்ப் முதலாவதை மிக நன்றாகத் தருகிறது. இரண்டாவதை எந்தச் செயலியாலும் தர இயலாது என்பதால், புதிதாகச் சேர்பவர்களை நாங்கள் காரைக்குடி அலுவலகத்திலேயே அமர்த்தி, ஒரு காலாண்டு அறிக்கை முடியும் வரை உடன் வைத்திருந்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறோம்.

வேலை நேரத்துக்கு வெளியே அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் அமைப்பை ஒவ்வொருவரும் தமக்கு ஏற்றபடி குறித்துக்கொள்ளலாம். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் காலை வேளையில் போன் ஒலிக்காமல் இருப்பது எங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பெரிய நிம்மதி. பராமரிப்புக்காக ஓரூரில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், வேறு ஊரில் இருப்பவர் அந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர முடிவதும் இந்தக் கருவியின் பலன்தான். அறிவிப்புகள் மின்னஞ்சலாகவும் வருகின்றன. அந்த மின்னஞ்சலுக்கு எழுதும் பதில் தானாகவே உரிய இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இணைய வேகம் குறைந்த வீடுகளில் இது பெரிதும் உதவுகிறது. ஒரு வேலை இன்னும் வழி தேடி மேடேறிக்கொண்டிருக்கிறதா, வழி தெரிந்து இறங்கத் தொடங்கிவிட்டதா என்று காட்டும் மலைக்கோட்டு வரைபடம் இதன் புகழ்பெற்ற வசதி. வடிவமைப்பு, கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு அது பொருந்தலாம், தேதி குறித்து முடிக்கும் வரிக் கணக்குக்கு அதனால் பயன் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. ஜிஎஸ்டிஆர்-1 முடியாமல் 3பி-யைத் தொடக் கூடாது என்று ஒரு வேலையை இன்னொன்றோடு பிணைத்து வைக்க இதில் வழி இல்லை; அதை நாமே குறிப்பாக எழுதி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காணொலி அழைப்பு இதற்குள் இல்லாததால், முகம் பார்த்துப் பேச வேறு செயலி தேவை. பொத்தான்களும் தலைப்புகளும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தமிழில் மட்டும் சரளமாகப் படிக்கும் வாடிக்கையாளர்களை இதற்குள் அழைத்து வருவது கடினம். தாக்கலின் கடைசிப் படியில் ஓடிபி வாடிக்கையாளரின் கைபேசிக்குத்தான் போகும். அவர் கல்யாண வீட்டில் இருந்தால் நாம் காத்திருக்க வேண்டியதுதான். கடவுச்சொற்களை ஒருபோதும் இதில் எழுதி வைக்கக் கூடாது என்பதை எங்கள் அலுவலகத்தில் கண்டிப்பான விதியாக வைத்திருக்கிறோம். டேலி என்னும் கணக்கு மென்பொருளின் தரவுகளையும் தனியாகவே வைத்திருக்கிறோம்.

விலைதான் பெரிய தடை. ஆளுக்கு மாதம் 15 டாலர் என்னும் கணக்கில் பத்துப் பேர் கொண்ட அலுவலகத்துக்கு மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் போகும். காரைக்குடியில் ஒரு சிறிய கடையறையின் வாடகையோடு ஒப்பிட வேண்டிய தொகை இது. ஆண்டுக் கட்டணமாகச் செலுத்தினால் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 299 டாலர் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் இருபது பேர் சேரும் வரை அதில் ஆதாயம் இல்லை. வாடிக்கையாளர்களை விருந்தினராகச் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்பது ஆறுதல்.

மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளருக்கு ஒன்றாக வாட்ஸ்அப் குழு வைத்து, முடிவுகளை ஒரு பொதுத் தாளில் எழுதி வந்தாலே போதும். ஆறேழு பேருக்கு மேல், வெவ்வேறு ஊர்களில், ஒருவர் தொடங்கிய வேலையை மற்றவர் முடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இது தகும். ஒரே ஒரு திட்டத்துக்கு மட்டும் இலவசமாகப் பயன்படுத்த இடம் தருகிறார்கள். சிக்கலான வாடிக்கையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 11-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை அவருடைய வேலை முழுவதையும் அதில் நடத்திப் பாருங்கள். "அந்தப் பில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு வரும் போன் அழைப்புகள் அந்த நாள்களில் குறையவில்லை என்றால், பணம் கட்ட வேண்டியதில்லை.