காலியா, யாழ்ப்பாணமா?

இலங்கைக்குப் போகிறேன் என்று நம் ஊர்க்காரர் யாராவது சொன்னால், அவர் போகும் இடங்களை நாமே சொல்லிவிடலாம்: கண்டி, நுவரெலியா, காலி, மிரிஸ்ஸ. யாழ்ப்பாணம் அதில் பெரும்பாலும் இருக்காது. "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். முதல் முறை காலியும் மிரிஸ்ஸவும் இருக்கும் தெற்குக் கரைக்குப் போனேன், இரண்டாம் முறை வடக்கே யாழ்ப்பாணத்துக்கு. இனி போனாலும் வடக்கேதான். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அழகு என்று மட்டும் பார்த்தால் தெற்குதான் ஜெயிக்கும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் ரயில் பாதி வழி கடலை உரசிக்கொண்டே ஓடுகிறது. காலிக் கோட்டை 1988-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. சாயங்காலம் அந்த மதில் மேல் நடப்பது சுகம்தான். யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கீசியர் கட்டி 1658-ல் டச்சுக்காரர் பிடித்ததுதான். ஆனால் போரில் அடிபட்டு, உள்ளே பெரும்பாலும் வெறும் வெளி. கடற்கரையிலும் இதே கதை. யாழ்ப்பாணப் பக்கம் காரைநகரின் கசூரினா கடற்கரை ஆழமில்லாமல் சாதுவாகக் கிடக்கும். அலை தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறார்கள். நான் போனது ஆகஸ்டில், அதனால் அந்த விஷயத்தில் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. ஒடியல் கூழ் (பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு போட்டுக் காய்ச்சுவது) ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

என்னை வடக்குப் பக்கம் சாய்த்தது மொழி. சொந்த மொழி பேசும் ஊரில் சுற்றுவது வசதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். வசதி அதில் பாதிதான்.

தெற்கில் மூன்று நாளும் வாடகைக் காரில் சுற்றினேன். தமிழ் 1987 முதல் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகைகளிலும் இருக்கிறது. ஆனால் நான் போன இடங்களில் வழி கேட்க அது உதவவில்லை. என் ஓட்டுநர் தங்கமானவர். அவர் நிறுத்திய இடத்தில் சாப்பிட்டேன், அவர் காட்டிய கடையில் தேயிலை வாங்கினேன். மூன்று நாளில் நான் பேசியது அவரோடும் விடுதிக்காரரோடும்தான், அதுவும் இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில். (இதில் ஒரு வேடிக்கை. சீனத் தளபதி செங் ஹே 1409-ல் பொறிக்க வைத்த கல்வெட்டு காலியில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகத்தோடு அதில் தமிழும் இருக்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில்.)

யாழ்ப்பாணத்தில் முதல் நாளே பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் "தம்பி, எங்கையிருந்து வாறியள்?" என்று தொடங்கினார். இறங்குவதற்குள் என் ஊர், வேலை, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நம் சினிமா பார்த்துப் பழகியதால் நாம் பேசுவது அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. நமக்குத்தான் ஒரு நாள் தேவை. பேசுவதைக் கதைக்கிறது என்கிறார்கள், புறப்படுவதை வெளிக்கிடுறது, டீயைத் தேத்தண்ணி. 'பேந்து' என்றால் பிறகு. அது விளங்காமல் ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கடைக்காரர் அப்புறம் வரச் சொல்லியிருக்கிறார்!

மொழி தெரிவதில் ஒரு சங்கடமும் உண்டு. வெறும் சுற்றுலாப் பயணியாக இருந்துவிட்டு வர முடியாது. குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம். பவளக்கல் வேலிகள், பெருக்கமரம் (பாவோபாப்), காட்டுக்குதிரைகள் இவற்றைப் பார்க்கத்தான் ஏறினேன். படகில் எதிரே இருந்த அம்மா, 1985 மே மாதம் இதே கடலில் குமுதினி என்ற படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை, காதில் விழுந்தது. அதன் பிறகு குதிரைகளைப் படம் எடுக்கக் கை போகவில்லை. பொது நூலகமும் அப்படித்தான். புதிதாக வந்தவருக்கு அது அழகான வெள்ளைக் கட்டடம். 1981-ல் அது எரிக்கப்பட்டதையும், ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானதையும் அங்கே பத்திரிகை படிக்க வந்த ஒருவர் வாயால் கேட்டால் அந்த வெள்ளை வேறு மாதிரி தெரியும். தெற்கிலும் சுனாமி வந்து போன கரைதான், அங்கும் ஆயிரம் கதை இருந்திருக்கும். எனக்குத்தான் கேட்கக் காது இல்லை.

குழந்தைகளோடு நாலு நாள் ஓய்வு, நீச்சல்குளம், கடல் பார்த்த அறை என்றால் தெற்கே போங்கள், குறை சொல்ல மாட்டேன். வடக்கில் வெயில் கடுமை, நிலம் தட்டை, பச்சை என்றால் பனையும் தோட்டமும்தான்.

போகிற வழி: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள், அதை மட்டும் நம்பி லீவு போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா ஆகஸ்டை ஒட்டி 25 நாள் நடக்கும். அப்போது போவதாக இருந்தால் அறையை முன்பே பேசிவிடுங்கள். ஆண்கள் கோயிலுக்குள் சட்டையில்லாமல்தான் போக முடியும், ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.