ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவோடு

ஊருக்குப் போனதும் அப்பா அம்மாவைப் பக்கத்து நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு 'மாஸ்டர் செக்கப்' செய்துவிட்டு வருவது வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டது. லண்டனில் எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான். இந்த முறை நான் அம்மாவோடு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனேன். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது. யார் கொடுக்கிறார்கள், என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நேரில் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

மாத்திரை வீட்டுக்கே வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களாக அனுப்புகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் பக்கத்து ஊர்க்காரர். அம்மாவைப் பெரியம்மா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுகிறார்.

அவர் பிரஷர் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். வந்ததும் கருவியை எடுக்கவில்லை. "பெரியம்மா, இப்ப காபி குடிச்சீங்களா?" என்று கேட்டார். குடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றதும், பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்தார். ஐந்து நிமிடம் பேச்சே கூடாது. அம்மாவால் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்! முதலில் பார்த்ததை வைத்து முடிவு சொல்லாமல், கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை பார்த்தார். அவசரமாக நடந்து வந்தவரை நிறுத்திப் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். வீட்டில் மெஷின் வாங்கி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யலாம்.

பிறகு, "வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். எல்லாம் என்றால் எல்லாமும். மேசையில் பரப்பியபோதுதான் மூட்டு வலி மாத்திரை வெளியே வந்தது. கடைத்தெரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது. வலிக்கிறபோதெல்லாம் ஒன்று, சில நாள் இரண்டு. பெயரைப் பார்த்தால் டைக்ளோஃபெனாக். அந்தப் பெண் அட்டையைத் தனியாக எடுத்து வைத்து, "இதை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் போடுங்க பெரியம்மா" என்றார். திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை.

மறுநாள் சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா விளக்கினார். இந்த வகை வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். சர்க்கரை உள்ளவர்களின் கிட்னிக்கு ஏற்கெனவே சுமை அதிகம், அதன் மேல் இது இன்னொரு சுமை. பிரஷர் மாத்திரை சரியாகப் போட்டும் அளவு இறங்காதவர்களிடம் தான் முதலில் கேட்பது வலி மாத்திரையைப் பற்றித்தான் என்றார். அம்மாவுக்குத் தேவைப்படும்போது மட்டும் பாராசிட்டமால், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. கூடவே ஒரு பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். தொடைத் தசை உரம் பெற்றால் மூட்டுக்குப் பாரம் குறையும். அம்மா டிவி பார்த்துக்கொண்டே செய்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அட்டை இருக்கும். போனில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், மருந்துக்கடையில் என்ன வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். நாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகிற சத்து மாத்திரை டப்பாக்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அதோடு சேர்த்து நாம் கொடுத்த கால்சியத்தைப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

உணவு விஷயத்தில் இங்கே சொன்னது நம் சமையலறைக்குள் நின்று சொன்னது மாதிரி இருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவும் அதுதான். ஆனால் டாக்டரம்மா கிராமில் பேசவில்லை. "ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, இதுல எது தினமும்?" என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு மோர்மிளகாய். அதை வாரத்துக்கு ஒரு நாளாக்கச் சொன்னார். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதி காயும் கீரையும், மீதியில் சோறும் பருப்பும். இதை யாராலும் கடைப்பிடிக்க முடியும்.

ஏகாதசி பற்றி அம்மாவே கேட்டார். சர்க்கரைக்கான மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் எடுக்கிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். விரதம் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பாதத்தையும் பார்த்தார்கள். விரல் இடுக்கு வரை விரித்துப் பார்த்து, மரத்துப்போயிருக்கிறதா என்று தொட்டுக் கேட்டார் நர்ஸ். வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தில் உச்சி வெயிலில் சுற்றக் கூடாது, வெந்நீரில் காலை வைக்கக் கூடாது, சூடு தெரியாமலே வெந்துபோகும் என்றார். அம்மா வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சம்மதித்தது எனக்குப் பெரிய நிம்மதி.

குறையும் உண்டு. ஒரே டாக்டர், வரிசை வாசல் வரை. உட்காரப் போதுமான பெஞ்சு இல்லை, வயதானவர்கள் சுவரோரம் நின்றார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பார்க்கிற ஹெச்பிஏ1சி பரிசோதனையை வெளியே எடுக்கச் சொன்னார்கள். வீடு வீடாக வருகிற அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், நிரந்தரச் சம்பளம் இல்லை. இவ்வளவு பொறுப்பான வேலைக்கு அது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வெறும் வயிற்றில் 7 என்று சொல்கிற சர்க்கரையை ஊரில் 126 என்பார்கள். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர் எண். ஹெச்பிஏ1சி 48 என்றால் ஊரில் 6.5. இது தெரியாமல் போனில் பேசினால் இரண்டு பக்கமும் வீணாகப் பயந்துகொள்வோம்.

அம்மாவுக்கு இன்னும் கண் பரிசோதனை பாக்கி இருக்கிறது. பார்வை நன்றாக இருந்தாலும் சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மன்னார்குடி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், தனியாகப் போகக் கூடாது. தம்பி வியாழக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போகிறான்.